எத்தனாவது வகுப்பு என்று கேட்பதற்கு முன்: கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர்களுக்கும், கல்விச் சட்டங்களுக்கு விதிகள் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

சொந்தப் பண்ணையில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய் நான். மூத்தவளுக்கு 15 நடக்கிறது, இளையவனுக்கு 11. இருவரும் பள்ளிக்குப் போவதில்லை. வீட்டையும் நாங்கள் பள்ளியாக்கவில்லை. காலையில் கரும்பலகை முன்னால் உட்கார வைத்துப் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக முடிக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நிலத்தோடும் கால்நடைகளோடும் வாழ்கிறார்கள், அந்த வாழ்க்கையில் எழும் கேள்விகளைத் துரத்திப் போய்க் கற்கிறார்கள். இது எங்கள் உரிமை என்று வாதாட நான் இந்த மடலை எழுதவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களைப் பார்வையிட வரும் உங்களிடம் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது: கையில் கொண்டுவரும் அளவுகோலை மாற்றுங்கள். ஒரு நாள் வந்து வகுப்புக் கணக்கில் அளப்பதை விட்டுவிட்டு, ஒரு பயிர்ப் பருவம் முழுக்கப் பார்த்து மதிப்பிடுங்கள்.

இப்போதுள்ள படிவங்களில் பிள்ளையின் வயது, வயதுக்குரிய வகுப்பு, பாடம், முடித்த அலகுகள், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் இளையவனிடம் கேட்ட முதல் கேள்வி, "நீ எத்தனாவது படிக்கிற?" அவன் விழித்தான். அடுத்து ஏழாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலாகச் சொல்லச் சொன்னார். பாதியில் நின்றுவிட்டான். "வயதுக்கேற்ற நிலையில் இல்லை" என்று ஒரு வரி எழுதப்பட்டது. அதே மேசையில் அவனுடைய மழைக் கணக்குத் தாள் கிடந்தது, யாரும் அதைப் புரட்டவில்லை. வந்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாளில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். தாளை எழுதியவர்களோடு பேசத்தான் இந்த மடல்.

அந்த மழைக் கணக்கு என்ன என்று சொல்கிறேன். மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் பதிவானால், ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். 60 சதுர மீட்டர் கூரை மேல் 25 மில்லிமீட்டர் பெய்தால் தொட்டிக்கு 1,500 லிட்டர் வர வேண்டும். எங்கள் கொட்டகைக் கூரையை அவன் அளந்து, பெருக்கி, மழை விட்டதும் தொட்டியைப் போய்ப் பார்த்தான். கணக்கில் வந்ததைவிடத் தண்ணீர் குறைவு. குழாயில் ஒழுகுகிறதா என்று தேடினான். முதல் மழையில் ஓடு எவ்வளவு குடிக்கும் என்று காய்ந்த ஓட்டை எடை போட்டு, நனைத்து, மறுபடி எடை போட்டான். அப்படியும் வித்தியாசம் தீரவில்லை. கடைசியில் அக்காவோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பிடி கிடைத்தது. அவன் கூரையின் சரிவை அளந்திருக்கிறான். மழைக்குச் சரிவு கணக்கில்லை. கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அவ்வளவுதான் கணக்கு. ஏணியிலிருந்து இறங்கி, கொட்டகையின் நான்கு மூலைகளுக்கு நேர் கீழே குச்சி நட்டு மறுபடி அளந்தான். பரப்பளவு, கொள்ளளவு, சாய்வு, அளவைப் பிழை எல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கின்றன. வாய்ப்பாடும் இருக்கிறது. தலைகீழாக ஒப்பிக்கும் வடிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 26ஆம் பிரிவில், எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமையைப் பெற்றோருக்குக் கொடுக்கிறது. அதே பிரிவு முதலில் சொல்வது, கல்வி ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை, தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதை. பெற்றோரின் தேர்வு பிள்ளையின் உரிமையைச் சாப்பிட்டுவிடக் கூடாது. வெளியுலகம் பார்க்காமல் அடைத்து வளர்க்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடி வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "வீட்டில் கற்கிறாள்" என்ற பெயரில் தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமக்கும் சிறுமிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க யாராவது வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். வாருங்கள், அடிக்கடி வாருங்கள். வருபவர் எதைப் பார்க்கிறார் என்பதில்தான் எனக்கு வழக்கு.

நாடுகள் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கின்றன. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவதே கட்டாயம். வீட்டில் கற்பிக்க அனுமதி கேட்ட ஒரு குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. ஸ்வீடன் 2010இல் கொண்டுவந்த கல்விச் சட்டத்தில் அசாதாரணச் சூழல் இருந்தால் மட்டுமே வீட்டுக் கல்வி என்று சுருக்கிவிட்டது. பின்லாந்தில் கற்பதுதான் கட்டாயம், பள்ளிக்குப் போவது கட்டாயமில்லை. பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ளாட்சிக்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1988 முதல், பிள்ளை ஆண்டு முழுக்கச் செய்த வேலைகளின் தொகுப்பைத் தகுதி பெற்ற ஒருவர் பார்த்து, பிள்ளையோடு பேசி மதிப்பிடும் முறை சட்டத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. வகுப்புக் கணக்கு இல்லாமலும் ஓர் அரசால் பிள்ளையின் கல்வியைப் பார்க்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களைப் போல் பள்ளியும் பாடத்திட்டமும் இல்லாமல், பிள்ளையின் கேள்விகளைப் பின்தொடர்ந்து கற்பதை அன்ஸ்கூலிங் என்பார்கள். அப்படியென்றால் பிள்ளையை அவிழ்த்து விட்டுவிடுவது என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. இந்தச் சொல்லை 1970களின் பிற்பகுதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர். வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்று கற்பித்தவர். முதலில் பள்ளிகளைச் சீர்திருத்த முயன்று, பிறகுதான் பள்ளிக்கு வெளியே பார்த்தார். பாடத்திட்டம் இல்லாத வீட்டில் பெரியவர்களின் வேலை குறைவதில்லை, கூடுகிறது. கேள்வி எழும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லாமல் பொறுக்க வேண்டும். தெரியாத இடத்தில் தெரிந்தவரைத் தேடிக் கொண்டுவர வேண்டும். பிள்ளை தொட மறுக்கும் பக்கம் எது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலமும் நேரமும் பிள்ளைகளோடு இருக்கக்கூடிய பெரியவர்களும் வாய்த்த குடும்பத்தால்தான் இது முடியும். அதனால் பள்ளியைப் பற்றி ஒரு குறைச் சொல்கூட இந்த மடலில் சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிதான் சோறும் நிழலும் பாதுகாப்பும்.

பண்ணை என்ன கற்றுக் கொடுக்கும் என்று கேட்பீர்கள். ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், மற்றவை அதிலிருந்தே விளங்கும்.

மூத்தவளுக்குப் 12 வயதிருக்கும். பயறு பூவெடுக்கும் சமயம். களை எடுக்கப் போனவள் ஒரு செடியை வேரோடு பிடுங்கிவிட்டாள். வேரில் சிறு சிறு முடிச்சுகள். நோய் என்று நினைத்து ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. "அம்மா, இதுக்குள்ள ரத்தம் மாதிரி இருக்கு, வந்து பாருங்க!" என்று வரப்பிலிருந்து கத்தினாள். எனக்கு அது வேர்முடிச்சு என்று தெரியும், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் அதற்குள் இருந்துகொண்டு காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது என்றும் தெரியும். சொல்லவில்லை. "எல்லாச் செடியிலயும் அப்படித்தான் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த சில நாட்கள் பாத்தி பாத்தியாகப் போய்ச் செடி பிடுங்கினாள். ஒவ்வொரு பாத்தியிலும் இத்தனைதான் பிடுங்கலாம் என்று அவள் அப்பா ஒரு கணக்கு வைத்தார், இல்லாவிட்டால் பயறே மிஞ்சியிருக்காது. முடிச்சுகளை எண்ணினாள், கீறிப் பார்த்து நிறம் குறித்தாள். சிலவற்றில் சிவப்பு, சிலவற்றில் வெள்ளை, முதிர்ந்த செடிகளில் பச்சை கலந்த சாம்பல். எருக்குழிக்குப் பக்கத்துப் பாத்தியில் செடிகள் கருகருவென்று செழித்து நின்றன, வேரில் முடிச்சுகள் மட்டும் மிகக் குறைவு. செழித்த செடிக்குத்தானே முடிச்சு நிறைய இருக்க வேண்டும்? அந்தக் கேள்வி அவளைத் தூங்க விடவில்லை. எருவிலிருந்து கசிந்த தழைச்சத்தே போதுமான அளவு மண்ணில் இருந்தால், செடி நுண்ணுயிருக்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டிய தேவை இல்லை, முடிச்சும் குறைந்துவிடும். இந்த விடையை அவளே ஊகித்தாள், பிறகு புத்தகத்தில் தேடி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

சிவப்பு அவளை வேறொரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அந்த நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவு. அதிலும் இரும்பு உண்டு, அதுவும் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அதைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு இது. அவள் முதலில் சொன்ன "ரத்தம் மாதிரி" ஏறக்குறைய சரி என்று தெரிந்த அன்று அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து, மனிதர்கள் இதே வேலையைத் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. காற்றிலுள்ள தழைச்சத்திலிருந்து அம்மோனியா தயாரிக்க ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டறிந்த முறையை கார்ல் போஷ் பெருந்தொழிலாக வளர்த்தெடுத்தார்; 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. உரத்துக்கு வந்த அதே அம்மோனியா முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கும் போனது. அந்தப் போரில், 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரில் நச்சு வாயுவைப் பயன்படுத்தியதில் ஹாபருக்கு நேரடிப் பங்கு இருந்தது. அவருக்கே 1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபலும் கிடைத்தது. ஒரே மனிதர் எப்படி இரண்டையும் செய்ய முடியும் என்று அவள் அப்பாவிடம் பல இரவுகள் வாதாடினாள். உயிரியல் எங்கே முடிந்தது, வேதியியல் எங்கே தொடங்கியது, வரலாறும் அறமும் எப்போது உள்ளே வந்தன? உங்கள் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதற்கெல்லாம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் மாதக்கணக்கில் அதை மறந்து ஆட்டுக்குட்டிகளோடு திரிந்தாள். அந்த மாதங்களில் வந்திருந்தால் உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே பட்டிருக்காது. அதனால்தான் ஒரு நாள் போதாது என்கிறேன். விதைப்புக்கு ஒருமுறை, பயிர் நடுவளர்ச்சியில் ஒருமுறை, அறுவடை முடிந்தபின் ஒருமுறை வந்தால் பிள்ளையின் கேள்வி எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கிறது என்று தெரியும். நகரவே இல்லை என்றால் அதுவும் தெரியும். அப்போது எங்களைக் கேளுங்கள், கண்டிப்பாகவே கேளுங்கள்.

பண்ணை எல்லாவற்றையும் கற்றுக் கொடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. இயற்கணிதம் தோட்டத்தில் தானாக முளைக்காது. வேறு மொழி பேசுபவர் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மொழி வராது. தன்னைப் போல் இல்லாத மனிதர்களின் வாழ்க்கை, அவர்களின் நம்பிக்கை, அவர்களின் துயரம் இவையெல்லாம் வரப்புக்கு வெளியேதான் இருக்கின்றன. இவற்றுக்கு நூலகம் வேண்டும், பயணம் வேண்டும், தெரிந்த ஆசிரியர் வேண்டும், இணையமும் வேண்டும். இயற்கைக்கு அருகில் வளர்ப்பது என்றால் கருவிகளையும் புத்தகங்களையும் தள்ளி வைப்பது என்று சில குடும்பங்கள் நினைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை.

வாசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் கவலையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இளையவன் ஒன்பது வயது தாண்டித்தான் தடையில்லாமல் வாசிக்கத் தொடங்கினான். பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான் தொடங்குகிறது என்பதால் ஐந்து வயதில் படிக்கவில்லையே என்று நான் பதறியதில்லை. அதற்காக "காத்திருங்கள், தானாக வரும்" என்று அன்ஸ்கூலிங் வட்டத்தில் சொல்வதையும் நான் முழுதாக நம்பியதில்லை. பேச்சு தானாக வரும். வாசிப்பு எல்லாப் பிள்ளைக்கும் அப்படி வராது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை யாராவது பொறுமையாகக் காட்டித் தர வேண்டும். நாங்கள் காட்டினோம், விதைப் பொட்டலங்களில் பெயர் எழுதுவதில் தொடங்கி. கண்ணையும் காதையும் பரிசோதித்தோம், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தகுந்தவரிடம் அழைத்துப் போனோம். தாமதமாக வாசிக்கும் பிள்ளையின் வீட்டில் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: தாமதத்தின் காரணத்தைத் தேடினீர்களா, என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? வயதைக் கழித்து வகுப்பைக் கண்டுபிடிப்பதைவிட அது பிள்ளைக்கு உதவும்.

அடுத்தது, பேசக் கூச்சப்படும் விஷயம். பண்ணையில் கற்பதற்கும் பண்ணையில் உழைக்க வைக்கப்படுவதற்கும் நடுவில் உள்ள கோடு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2024இல் உலகில் 13.8 கோடிப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்தில். தொழிற்சாலையை நினைத்துக்கொண்டு பேசும்போது இது மறந்துவிடுகிறது. வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது பற்றி அந்தத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 1973ஆம் ஆண்டின் 138ஆம் உடன்படிக்கை விவசாயத்தைப் பற்றிப் பேசும் ஓரிடத்தில், உள்ளூர்த் தேவைக்கு விளைவிக்கும், கூலியாள் வழக்கமாக வைக்காத சிறு குடும்ப நிலங்களுக்கு விலக்கு அளிக்கிறது. குடும்பத்தோடு பிள்ளை வயலில் இறங்குவது உலகெங்கும் உள்ள வாழ்க்கை முறை என்பதால் வந்த விலக்கு அது. ஆனால் விலக்கு இருக்கிறது என்பதாலேயே எங்களைக் கேள்வி கேட்காமல் விடாதீர்கள். குடும்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் எதையும் மறைக்கலாம். மோசமான வடிவக் குழந்தை உழைப்பைத் தடைசெய்யும் 1999ஆம் ஆண்டின் 182ஆம் உடன்படிக்கையில் அப்படி விலக்கு எதுவும் கிடையாது. 2020இல் அந்த அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் அதை ஏற்று முடித்தன.

நான் கோட்டை இப்படிப் போடுகிறேன். பிள்ளை பாதியில் விட்டுவிட்டுப் போனால் குடும்பத்தின் வேலை நிற்கிறதா? நிற்கிறது என்றால் அவள் அங்கே கற்பவள் இல்லை, வேலையாள். எங்கள் வீட்டில் பால் கறப்பது பெரியவர்களின் பொறுப்பு. பிள்ளைகள் வருவார்கள், கறப்பார்கள், சில நாள் வர மாட்டார்கள். மாடு காத்திருக்காது என்பதால் நாங்கள் அவர்களை நம்பி இருப்பதில்லை. பூச்சிக்கொல்லி கலந்த நாளில் அந்த வயலுக்கே அவர்கள் போகக் கூடாது. டிராக்டரின் மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவது எத்தனை பண்ணைகளில் செல்லமாக நடக்கிறது! விழுந்தால் சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார்கள். கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி, சாணக்குழிக்கு வேலி, சுழலும் தண்டுகளுக்கு உறை. இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பாடப்புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அண்ணனோ தம்பியோ விதை முளைப்புச் சோதனை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் அவள் எங்கே இருந்தாள்? அடுப்படியில் என்றால், அதையும் "வாழ்க்கைக் கல்வி" என்று யாராவது சொன்னால், ஒத்துக்கொள்ளாதீர்கள். சமையலில் ஏராளமான அறிவியல் இருக்கிறது. அந்த அறிவியல் வீட்டிலுள்ள எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

உடல்நலம் பற்றி ஆதரவாகச் சொல்ல சில உண்டு. சீனாவின் குவாங்சோவில் பள்ளிப் பிள்ளைகளைத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் வெளியில் போனவர்களில் 30.4 சதவீதம், போகாதவர்களில் 39.5 சதவீதம். அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வில், வீட்டுக்கு அருகிலேயே கால்நடை வைத்து வளரும் ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், இயந்திரமயமான பெரும் பண்ணைகளை வீட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கும் ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம். மண்ணும் வெயிலும் மாட்டுக்கொட்டிலும் பிள்ளைகளுக்கு நல்லது செய்கின்றன. ஆனால் இவை எதுவும் அன்ஸ்கூலிங்குக்கான சான்று அல்ல. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் இதைக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

அன்ஸ்கூலிங்கில் வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. பீட்டர் கிரே, ஜினா ரைலி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் அப்படி வளர்ந்த 75 பெரியவர்களிடம் கேட்டதில், 83 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகை உயர்கல்விக்குப் போயிருந்தார்கள். எங்கள் வட்டத்தில் இந்த எண்ணை அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அவர்கள் தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள். கசப்போடு இருப்பவர்கள் எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? ஆகவே இந்த எண்ணைக் காட்டி யாராவது உங்களிடம் அனுமதி கேட்டால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல ஆய்வு வேண்டுமென்றால் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதைச் செய்யும் வசதி உங்களிடம்தான் இருக்கிறது.

தனிமை உண்மையான ஆபத்து, அதிலும் பண்ணை வீடுகளுக்கு. பக்கத்து வீடே எட்டத்தில் இருக்கும். "நண்பர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். கடைசியாக யாரோடு சண்டை போட்டாய், எப்படிச் சமாதானம் ஆனீர்கள் என்று கேளுங்கள். பெயரும் கதையும் வந்தால் நண்பர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் இல்லாத இடத்தில், பிள்ளைக்குப் பழக்கமான ஒரு பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நாங்கள் வெளியே நிற்கிறோம். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும் என்கிறது. பள்ளிக்குப் போக வேண்டும் என்று பிள்ளையே சொன்னால் நாங்கள் அனுப்ப வேண்டும், நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது எங்கள் தோல்வியாகாது.

பார்வையிட வருபவர்களில் ஒருவருக்காவது பண்ணை வேலை தெரிந்திருக்கட்டும். பிள்ளை தன் கையால் எழுதிய, வரைந்த, எண்ணிய எதையும் புரட்டாமல் முடிவு எழுதாதீர்கள். எழுதிய முடிவைக் காரணத்தோடு எங்களுக்குக் கொடுங்கள். தவறு என்று தோன்றினால் வேறொருவர் மறுபடி பார்க்க வழி வையுங்கள்.

இனி, அவசரமானது. பள்ளிக்கு வெளியே வளர்ந்த பிள்ளை மறுபடி உள்ளே வரும் கதவு. மூத்தவள் கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறாள். ஆடு ஈனும்போது குட்டி திரும்பிக் கிடந்து மருத்துவர் கைவிட்டு எடுத்ததைப் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்துப் பார்த்தவள் அவள்; அன்று எடுத்த முடிவு இன்னும் மாறவில்லை. அதற்கான பொதுத் தேர்வுக்கு அவள் தானாகவே தயாராகிவருகிறாள், இப்போது பாடப்புத்தகம் அவளுக்குத் தேவைப்படுகிறது, ஆசையாகவே படிக்கிறாள். அவளால் வீட்டில் செய்ய முடியாதது ஆய்வகச் செய்முறை. தனித்தேர்வராக எழுதும் பிள்ளைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் சில வாரங்கள் செய்முறை செய்ய அனுமதி வேண்டும், அதை அளந்து கையெழுத்திட ஓர் ஆசிரியர் வேண்டும், "முந்தைய வகுப்பின் சான்றிதழ்" என்ற கட்டத்துக்குப் பதிலாக உங்கள் மதிப்பீட்டு அறிக்கையே ஏற்கப்பட வேண்டும். பள்ளிகளைக் கேட்டால் மேலிடத்து உத்தரவு இல்லை என்கிறார்கள். அந்த உத்தரவை எழுத வேண்டியவர்கள் நீங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்குகிறது. அதற்கு முன் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பண்ணையில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்